லார்டு டஃப்ரின் பேரை வாடகைக்கு விட்ட கதை

சுரங்க மோசடின்னு சொன்னதும் எல்லார் மனசுலயும் ஒரே படம்தான் ஓடும். ஆள் அரவமில்லாத ஒரு காடு, அதுல ஒரு குழி, குழியில தூவி வச்ச கொஞ்சம் தங்கத்தூள், பக்கத்துல கோட்டு சூட்டு போட்ட ஒரு ஆசாமி. கனடாவின் ப்ரீ-எக்ஸ் கம்பெனி அந்த ரகம். இந்தோனேசியாவில் புசாங் என்ற இடத்தில் மலை மலையாகத் தங்கம் இருக்குன்னு சொன்னார்கள். துளை போட்டு எடுத்த பாறை மாதிரிகளில் தங்கத்தூளைக் கலந்திருந்தது 1997ல் வெளியே வந்தது. கம்பெனி காலி.

நான் எழுதப் போறது அந்த ரகம் இல்லை. இவர் கைவைத்த சுரங்கங்களில் நிஜமாவே தங்கம் இருந்தது. அதுவும் கொஞ்ச நஞ்சம் இல்லை. மேற்கு ஆஸ்திரேலியாவின் கல்கூர்லியில் 'கோல்டன் மைல்' என்று சொல்லப்படும் இடம். 1893ல் அந்த ஊரில் தங்கம் கிடைத்ததில் இருந்து இன்றுவரை தோண்டிக்கொண்டே இருக்கிறார்கள். அப்பேர்ப்பட்ட சுரங்கங்களைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு ஆள் எப்படி திவாலானார், எப்படி நீதிமன்றக் கட்டடத்துக்குள்ளேயே விஷம் குடித்துச் செத்தார் என்பது ஒரு கதை. அதை நிறைய பேர் சுவையாக எழுதியிருக்கிறார்கள். எனக்கு அந்தக் கதையில் பக்கத்தில் நிற்கும் இன்னொருத்தர் மேலதான் கண்ணு. அவர் நம்ம ஊர் சரித்திரப் புத்தகத்திலும் வருகிற ஆள். பரீட்சைக்குப் படித்திருப்பீர்கள்.

முதலில் நாயகன். பேரு ஜேம்ஸ் விட்டேக்கர் ரைட். 1846ல் இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்டில் பிறந்தவர். அப்பா மெதடிஸ்ட் சபைப் போதகர். மகனும் கொஞ்ச காலம் பிரசங்கம் பண்ணியிருக்கிறார் (பின்னாடி ஷேர்ஹோல்டர் கூட்டத்துல பேச அந்தப் பயிற்சி உதவியிருக்கும்னு நினைக்கிறேன் :-) ). 1870ல் அப்பா இறந்ததும் குடும்பத்தோடு கனடாவுக்குக் கப்பல் ஏறினார். அங்கிருந்து அமெரிக்கா. தாதுவில் எவ்வளவு உலோகம் இருக்கு என்று உருக்கிப் பார்த்துச் சொல்லும் வேலையைக் கற்றுக்கொண்டார். கொலராடோவின் லெட்வில், நியூ மெக்சிகோவின் லேக் வேலி, இரண்டிலும் வெள்ளிச் சுரங்கக் கம்பெனிகளைத் தொடங்கி ஷேர் விற்றார். ஷேர் வாங்கினவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் தேறவில்லை. ஃபிலடெல்பியாவில் பெரிய மனுஷனாக வாழ்ந்துவிட்டு, அதுவும் கவிழ்ந்து, 1889ல் ஊர் திரும்பினார்.

திரும்பின நேரம் நல்ல நேரம். 1892ல் கூல்கார்டி, அடுத்த வருஷம் கல்கூர்லி என்று மேற்கு ஆஸ்திரேலியாவில் தங்கம் கிளம்பியது. லண்டனில் மாவு மில் முதலாளி, ரிடையர்டு கர்னல், சர்ச் பாதிரியார், விதவைப் பெண்மணி என்று எல்லாரும் ஆஸ்திரேலிய ஷேர் கேட்டு அலைந்தார்கள். இந்தக் கும்பலுக்குத் தேவை, சுரங்கம் தெரிந்த மாதிரியும் இருக்கணும், லண்டனில் நாற்காலி போட்டு உட்கார்ந்தும் இருக்கணும். ரைட்டுக்கு இரண்டும் பொருந்தியது. ஆள் நல்ல ஆஜானுபாகு. இரட்டை நாடி உடம்பு, மூக்குக் கண்ணாடி, கணீர்க் குரல்.

(இங்க ஒரு சின்ன இடைச்செருகல். லண்டன்காரனுக்கு வெளிநாட்டுச் சுரங்கம்னா ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்கா மட்டும் இல்லீங்க. நம்ம பந்தலூரும் தேவாலாவும்கூடத்தான். கூடலூர் தாண்டிப் போனால் இப்போது தேயிலைத் தோட்டமாகக் கிடக்கிற அந்த இடங்களில் தங்கம் இருக்கிறது என்று 1880 வாக்கில் லண்டனில் கம்பெனி மேல கம்பெனியாகத் தொடங்கினார்கள். ஆஸ்திரேலியாவில் இருந்து ப்ரோ ஸ்மித் என்ற நிபுணரை வரவழைத்து அறிக்கை வாங்கினார்கள். ரெண்டு மூணு வருஷத்தில் எல்லாம் புஸ்ஸுனு போச்சு. அதுக்கும் ரைட்டுக்கும் சம்பந்தம் இல்லை. ஆனா பதினைந்து வருஷத்துக்கு அப்புறம் அதே லண்டன், அதே மாதிரி விளம்பரக் காகிதம், அதே மாதிரி கியூ. அதுக்காகச் சொன்னேன்.)

ரைட் முதலில் இரண்டு கம்பெனிகளை நடத்தினார். 1897ல் அவற்றை ஒன்றாக்கி 'லண்டன் அண்ட் குளோப் ஃபைனான்ஸ் கார்ப்பரேஷன்' என்று 20 லட்சம் பவுண்டு மூலதனத்தில் பெரிசாகத் தொடங்கினார். இதுதான் தாய்க் கம்பெனி. இதுக்குக் கீழே ஆஸ்திரேலியச் சுரங்கங்களான லேக் வியூ கன்சோல்ஸ், ஐவன்ஹோ. கனடாவின் ராஸ்லாந்துச் சுரங்கங்களுக்காக பிரிட்டிஷ் அமெரிக்கா கார்ப்பரேஷன். அப்புறம் ஸ்டாண்டர்டு எக்ஸ்ப்ளோரேஷன் என்று ஒன்று.

பேர்களைக் கவனியுங்கள். 'கன்சோல்ஸ்' என்றால் அந்தக் காலத்து இங்கிலாந்தில் எல்லாருக்கும் அரசாங்கக் கடன் பத்திரம்தான் ஞாபகம் வரும். நம்ம ஊர்ல போஸ்ட் ஆபீஸ் சேமிப்பு மாதிரி, தாத்தா பாட்டி நம்பிப் போட்ட பணம். பாலைவனத்துல தோண்டுற குழிக்கு அந்தப் பேரு. தப்புன்னு சட்டத்தில் சொல்ல முடியாது, 'ஒருங்கிணைக்கப்பட்ட' என்பதன் சுருக்கம்தான். ஆனா காதுல விழுறப்போ வேற மாதிரி விழும். அதுதான் தொழில் ரகசியம்.

தொழில் நடந்த விதம் இப்படி. ஒரு சுரங்கத்தைக் குறைந்த விலைக்கு வாங்க வேண்டியது. அதுக்கென்று ஒரு புதுக் கம்பெனி ஆரம்பித்து அதிக விலைக்கு அதனிடம் விற்க வேண்டியது. விலையில் ஒரு பகுதி ரொக்கம், மிச்சம் ஷேர். அந்த ஷேரை மார்க்கெட்டில் ஏற்றிவிட்டு மெதுவாகப் பொதுஜனம் தலையில் கட்ட வேண்டியது. நடுவில் எந்தக் கம்பெனிக்காவது நஷ்டம் வந்தால்? கணக்கு முடிக்கும் தேதிக்கு முந்தின நாள், தங்கச்சி கம்பெனியில் இருந்து பணம் இங்கே வரும், நஷ்டம் அங்கே போகும். தேதி முடிந்ததும் திரும்பப் போய்விடும்.

புரியலைன்னா நம்ம ஊர் கணக்குல சொல்றேன். அண்ணன் மளிகைக் கடைக்கு பேங்க்காரன் ஸ்டாக் பார்க்க வர்றான்னா, தம்பி கடையில இருந்து ராத்திரியோட ராத்திரியா இருபது மூட்டை சர்க்கரையை வண்டியில ஏத்தி அண்ணன் கடையில அடுக்குறது. அடுத்த வாரம் தம்பி கடைக்கு வர்றப்போ அதே மூட்டை அங்க போகும். இரவல் நகை போட்டுக்கிட்டு கல்யாணத்துல போட்டோ எடுக்கிற மாதிரி. போட்டோவுல நகை நிஜம்தானே! 1899 டிசம்பரில் லண்டன் அண்ட் குளோப் காட்டின கணக்கில் பேங்க்கில் 5 லட்சம் பவுண்டுக்கு மேல ரொக்கம் இருப்பதாக இருந்தது. இருந்தது வாஸ்தவம். அதில் பெரும்பகுதி அன்றைக்கு மட்டும்தான் இருந்தது.

இப்போ முக்கியமான மேட்டர். இதையெல்லாம் ஒரு மெதடிஸ்ட் பாதிரியார் மகன், அமெரிக்காவில் ஏற்கெனவே ஒரு தடவை கவிழ்ந்தவன் சொன்னால் எவன் நம்புவான்? நம்ப வைக்க ஒரு பேரு வேணும். அந்தக் காலத்து லண்டனில் இதுக்கு ஒரு ஏற்பாடே இருந்தது. கம்பெனியின் டைரக்டர் லிஸ்டில் ஒரு பிரபுவின் பேரைப் போட்டுக்கொள்வது. கூட்டத்துக்கு வந்தால் ஒரு கினி காசு, ஒரு நல்ல சாப்பாடு. இப்படி உட்கார்ந்தவர்களை ஊரே 'கினி பிக்' என்று கேலி செய்தது. ஒரு வகை பெருச்சாளிப் பேரும் வந்த மாதிரி ஆச்சு, காசுப் பேரும் வந்த மாதிரி ஆச்சு.

ரைட் பிடித்தது சாதாரணப் பெருச்சாளி இல்லை. டஃப்ரின் மற்றும் ஆவா மார்க்விஸ்!

ஆமா, அவரேதான். 1884ல் இருந்து 1888 வரை இந்தியாவின் வைஸ்ராய். 1885ல் காங்கிரஸ் ஆரம்பிக்கப்பட்டது இவர் காலத்தில். அந்தக் காங்கிரசைக் 'கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னக் கூட்டம்' என்று மைக்ராஸ்கோப்பை இழுத்துக் கிண்டல் பண்ணியவர். மேல் பர்மாவை 1886ல் பிடித்துச் சேர்த்ததும் இவர் ஆட்சியில். பட்டத்தில் இருக்கிற 'ஆவா' பர்மியத் தலைநகர் ஒன்றின் பேர்தான். அவர் சம்சாரம் தொடங்கின நிதியில் இருந்து நாடு முழுக்கப் பெண்களுக்கான டஃப்ரின் ஆஸ்பத்திரிகள் வந்தன. அது நல்ல காரியம், மறுக்க முடியாது. 1886ல் வந்த இந்திய வருமான வரிச் சட்டமும் இவர் காலத்து விஷயம்தான். அதாவது நம்ம ஊர் வியாபாரியெல்லாம் கணக்கைக் காட்டுன்னு சட்டம் போட்ட அரசாங்கத்தோட தலைவர்.

அவர் 1896ல் பாரிஸ் தூதர் பதவியில் இருந்து ஓய்வு பெற்றார். பெரிய பட்டம், பெரிய வீடு, வருமானம் கம்மி. அடுத்த வருஷம் ரைட் வந்து சேர்மன் நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்துவிட்டார்.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் உருகி விடுகிறார்கள். பாவம், வயசானவர், பணவிவகாரம் தெரியாது, நம்பி ஏமாந்துட்டார், அவர் பணமும்தான் போச்சு. எனக்கு இதில்தான் வயித்தெரிச்சல். பணவிவகாரம் தெரியாதாம்! கனடாவுக்கு ஆறு வருஷம் கவர்னர் ஜெனரல். 1882ல் எகிப்தை பிரிட்டன் பிடித்தபோது, அங்கே நிர்வாகத்தை எப்படிச் சீரமைக்கலாம் என்று போய் ஆராய்ந்து அறிக்கை கொடுத்தவர். எகிப்து அந்தக் கதிக்கு வந்ததே வெளிநாட்டுக் கடன் விவகாரத்தில். பீட்டர்ஸ்பர்க், கான்ஸ்டான்டிநோபிள், ரோம், பாரிஸ் என்று தூதராக இருந்து ராஜாக்களின் பொய்யையெல்லாம் பிரித்துப் பார்த்தவர். இவருக்கு ஒரு பேலன்ஸ் ஷீட்டைப் பார்த்து 'இந்தப் பணம் எங்கிருந்து வந்தது, நேத்து எங்க இருந்தது?' என்று ஒரு கேள்வி கேட்கத் தெரியாதா?

சரி, தெரியாது என்றே வைத்துக்கொள்வோம். 1898ல் எர்னஸ்ட் ஹூலி என்ற இன்னொரு கம்பெனி வியாபாரி திவாலானார். டன்லப் டயர் கம்பெனியைப் பொதுஜனத்துக்கு விற்றவர். திவால் விசாரணையில் அவர் சும்மா இருக்கவில்லை, தன் கம்பெனிகளில் பேரைப் போட எந்தெந்தப் பிரபுவுக்குக் காசு கொடுத்தேன் என்று போட்டு உடைத்தார். பத்திரிகை பூரா அதே செய்தி. அதுக்கு அப்புறமும் டஃப்ரின் இரண்டு வருஷம் அதே நாற்காலியில் இருந்தார். பிரபுக்களின் பேர் எதுக்கு வாங்கப்படுகிறது என்று லண்டனில் வண்டிக்காரனுக்குக்கூடத் தெரிந்திருந்த காலம் அது.

சரிவு லேக் வியூவில் ஆரம்பித்தது. அந்தச் சுரங்கத்தில் 'வாத்துக்குளம்' என்று பேர் வைத்த ஒரு மூலையில் தாது ரொம்ப வளமாக இருந்தது. 1899ல் அதைத் தோண்டத் தோண்ட உற்பத்தி எகிறியது, ஷேரும் எகிறியது. குளம் வற்றியதும் உற்பத்தி விழுந்தது. ரைட் விலையைத் தாங்கிப் பிடிக்க லண்டன் அண்ட் குளோப் பணத்தில் ஷேரை வாங்கிக் குவித்தார். அதே சமயம் லண்டன் பூமிக்கடியில் பேக்கர் ஸ்ட்ரீட் - வாட்டர்லூ ரயில் பாதை போடும் வேலையையும் எடுத்து வைத்திருந்தார். அது பணம் தின்னும் பிசாசு. 1899 அக்டோபரில் போயர் யுத்தம் வேறு ஆரம்பித்து மார்க்கெட் நடுங்கியது.

1900 டிசம்பர் 17. ஷேர்ஹோல்டர் கூட்டம். தலைமை டஃப்ரின். எல்லாம் நல்லபடி இருக்கு என்கிற தொனியில் கூட்டம் முடிந்தது. டிசம்பர் 28, கம்பெனி கையை விரித்தது. மறுநாள் லண்டன் பங்குச் சந்தையில் பத்துக்கும் மேற்பட்ட தரகு நிறுவனங்கள் விழுந்தன. கணக்குப் போட்டுப் பாருங்க, பதினோரு நாள்.

டஃப்ரினுக்கு நியாயமாகச் சேர வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். அந்த வருஷம் அவருக்கு வீட்டிலும் இடி. 1900 ஜனவரியில் மூத்த மகன் லேடிஸ்மித்தில் காயம்பட்டு இறந்தார். வருஷக் கடைசியில் இன்னொரு மகனும் தென்னாப்பிரிக்கப் போர்க்களத்தில் காயம்பட்டுக் கிடந்தார். பார்க்கப் போகக் கிளம்பினவர், கம்பெனி விழுந்ததும் பயணத்தை நிறுத்தினார். 1901 ஜனவரியில் 74 வயதில் ஷேர்ஹோல்டர்கள் முன்னால் போய் நின்று பேசினார். ஓடி ஒளியவில்லை. அவர் ஷேரும் காகிதமாகப் போனது உண்மை. 1902 பிப்ரவரியில் இறந்தும் போனார்.

நேர்மையானவர்தான். என் பிரச்சினையே அதுதான். நேர்மை இல்லாதவன் பேரை எவனும் காசு கொடுத்து வாங்க மாட்டான். ரைட்டுக்குத் தேவைப்பட்டது ஒரு கெட்டிக்காரத் திருடனுடைய கையெழுத்து இல்லை. நாற்பது வருஷம் அரசாங்கத்தில் கறைபடாமல் இருந்த ஒருத்தரின் பேரு. அதைச் சேர்த்து வைத்தது டஃப்ரின் மட்டுமா? வைஸ்ராய் பதவியும் தூதர் பதவியும் அதில் பாதி. அது பொதுச்சொத்து மாதிரி. அதை எடுத்துக்கொண்டு போய் ஒரு கம்பெனிக் காகிதத்தின் தலைப்பில் ஒட்டக் கொடுத்தார்.

இது எனக்கு ஏதோ புத்தகத்தில் படித்த கோபம் இல்லை. எங்க பெரியப்பா அரசு வேலையில் இருந்து ரிடையர் ஆனது தொண்ணூறுகளின் நடுவில். தெருவுக்கு ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி இருந்த காலம், உங்களில் பாதிப் பேருக்கு ஞாபகம் இருக்கும். 24 வட்டி, 30 வட்டி, டெபாசிட் போட்டால் குத்துவிளக்கு, வெள்ளிக்காசு. பெரியப்பா அப்படியெல்லாம் ஏமாறுகிற ஆள் இல்லை. கடையில் பாக்கிச் சில்லறையை மூணு தடவை எண்ணுவார். எங்க ஊர்ப் பக்கம் கிளை வைத்திருந்த ஒரு கம்பெனியில்தான் பி.எஃப். பணத்தைப் போட்டார். காரணம், அதோட கையேட்டில் மேல் பக்கம் ஒரு போட்டோ இருந்தது. ரிடையர்டு பெரிய அதிகாரி ஒருத்தர், 'ஆலோசகர்' என்று. வேண்டாம் பெரியப்பா, பேங்க்ல போடுங்கன்னு எங்க அப்பா சொன்னதுக்கு, "எலே, அவரு என்ன சும்மாவா பேரு குடுப்பாரு? விசாரிக்காமலா குடுத்திருப்பாரு?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அப்பாவிடம் பதில் இல்லை.

கம்பெனி இழுத்து மூடப்பட்டது. டெபாசிட் போட்டவர்களைக் காப்பாற்றத் தமிழ்நாட்டில் 1997ல் தனிச் சட்டமே வந்தது. முதலாளி ஜெயிலுக்குப் போய் வந்தார். ஆலோசகர்? அவரை ஒருத்தரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அப்புறமும் ஊர் விசேஷங்களில் முன்வரிசையில் மாலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். பெரியப்பாவுக்கு வந்தது போட்டதில் ஒரு சின்ன பங்கு, அதுவும் பல வருஷம் கழித்து. அதைவிட அவரை அரித்தது, தான் விசாரித்துத்தான் போட்டோம் என்ற எண்ணம். அவர் விசாரித்ததே அந்தப் பேரைத்தான்.

நிற்க. ரைட் கதையை முடிக்கணும்.

கம்பெனி விழுந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ரைட் மேல கேஸே இல்லை. அரசுத் தலைமை வழக்கறிஞர் ராபர்ட் ஃபின்லே, இருக்கிற சட்டத்தில் தண்டனை வாங்க முடியாது என்று கைவிரித்தார். பேலன்ஸ் ஷீட் பொய்தான், ஆனா மார்க்கெட்டைப் பொதுவாக ஏமாற்றினால் போதாது, ஷேர்ஹோல்டரையோ கடன்காரரையோ ஏமாற்றும் நோக்கம் இருந்ததை நிரூபிக்கணும் என்றது அவர் பார்வை. போர்டில் அத்தனை பெரிய மனிதர்கள் இருந்ததால்தான் தயங்குகிறார்கள் என்று ஊர் பேசியது. பார்லிமென்டில் ரகளை. கடைசியில் 1903 மார்ச்சில் நீதிபதி பக்லி, கம்பெனியின் மிச்ச சொத்தில் இருந்து செலவு செய்து வழக்கு நடத்தலாம் என்று உத்தரவு போட்டார். தங்களை ஏமாற்றியவன் மேல கேஸ் போடுவதற்கும் ஏமாந்தவன் காசே போச்சு!

உத்தரவு வருவதற்குள் ரைட் பாரிசுக்குப் போய், அங்கிருந்து கப்பலில் வேறு பேரில் நியூயார்க் போனார். இறங்கும்போதே பிடித்துவிட்டார்கள். அங்கே சில மாதம் மல்லுக்கட்டிவிட்டு ஆகஸ்டில் ஊர் திரும்பினார்.

1904 ஜனவரி 11ல் விசாரணை. அவருக்கு எதிராக வாதாடியவர் ரூஃபஸ் ஐசக்ஸ். இவரும் சுவாரஸ்யமான ஆசாமி. இளவயதில் கப்பலில் பையனாக வேலைக்குச் சேர்ந்து கல்கத்தா வரைக்கும் வந்தவர். அப்புறம் லண்டன் பங்குச் சந்தையில் தொழில் பண்ணி, 1884ல் கடனைக் கட்ட முடியாமல் பேர் நீக்கப்பட்டவர். அதுக்கு அப்புறம்தான் சட்டம் படித்தார். பங்குச் சந்தையின் சந்து பொந்தெல்லாம் அடிபட்டுக் கற்றவனிடம் ரைட்டின் இரவல் மூட்டைக் கணக்கு செல்லுபடி ஆகுமா? எந்தத் தேதியில் எந்தப் பணம் எங்கிருந்து எங்கே போனது என்று ஒவ்வொன்றாக உருவினார். (இந்த ஐசக்ஸ்தான் பின்னாளில் லார்டு ரீடிங் என்ற பேரில் 1921ல் இந்தியாவுக்கு வைஸ்ராயாக வந்தார். ஆக, சேர்மன் முன்னாள் வைஸ்ராய், எதிர்த்தரப்பு வக்கீல் வருங்கால வைஸ்ராய். சினிமாக் கதையில் எழுதினால் லாஜிக் இல்லைன்னு திட்டுவீங்க.)

ஜனவரி 26ல் குற்றவாளி என்று தீர்ப்பு. ஏழு வருஷம் கடுங்காவல். வழக்கு ஓல்டு பெய்லியில் நடந்திருந்தால் குற்றவாளியைச் சோதனை போட்டிருப்பார்கள். இது நடந்தது உரிமையியல் வழக்குகள் நடக்கும் பெரிய கோர்ட்டில். பக்கத்து அறையில் வக்கீலோடும் நண்பர்களோடும் பேசிக்கொண்டிருந்தார், விஸ்கி குடித்தார், சுருட்டைப் பற்ற வைத்தார். கொஞ்ச நேரத்தில் சாய்ந்தார். சயனைடு. பாக்கெட்டில் தோட்டா நிரப்பின ரிவால்வர் வேறு இருந்தது. அதைக்கூட யாரும் பார்க்கவில்லை.

இந்தச் சாவு அவருக்கு ஒரு காவியத் தோரணையைக் கொடுத்துவிட்டது. சர்ரே பக்கம் விட்லியில் அவர் கட்டின மாளிகை, செயற்கை ஏரி, ஏரித் தண்ணிக்கு அடியில் கண்ணாடிக் கூரை போட்ட அறை, அதில் உட்கார்ந்து சுருட்டு பிடித்தபடி மேலே மீன் போவதைப் பார்ப்பது என்று படிக்கப் படிக்கச் சுவையாகத்தான் இருக்கும். எச்.ஜி.வெல்ஸ் எழுதிய நாவல் 'டோனோ-பங்கே'யில் வரும் பாண்டரெவோ கதாபாத்திரத்துக்கு இவரும் ஒரு முன்மாதிரி என்பார்கள். அந்தச் சுவையில் நாம மறந்து போறது, தண்ணிக்கு அடியில் அறை கட்டின காசு யாருடையது என்பதை. ரைட்டுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. ஏழு வருஷம் சரியான தண்டனைதான், அனுபவித்திருக்கணும்.

ஆனா அந்தக் கோர்ட்டில் குற்றவாளிக் கூண்டில் நின்றது ஒரே ஒரு ஆள். ஒரு கம்பெனி போர்டு முழுக்க அந்தக் கணக்கைப் படிக்காமல் தலையாட்டியிருந்தது. சேர்மன் அதை வைத்துக் கூட்டம் நடத்தியிருந்தார். 'படிக்கவில்லை' என்பது குற்றத்தில் இருந்து தப்பிக்கும் வழியாக இருந்தது. என்னைக் கேட்டால், சேர்மன் என்று பேர் போட்டுக்கொண்டவனுக்கு அதுதான் குற்றம். உனக்குத் தெரிந்து செய்தாயா என்று கேட்பது முதலாளிக்கு. தெரிந்துகொள்ளாமல் ஏன் பேர் கொடுத்தாய் என்று கேட்பது இவர்களுக்கு. போட்ட முதல் போய்விட்டது என்பதும் சமாதானம் ஆகாது. பஸ் டிரைவருக்கும் விபத்தில் அடிபடத்தான் செய்யும், அதுக்காக லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினது சரியாயிடுமா? இன்றைக்கு ரிடையர் ஆகி ஆறு மாதத்தில் நாலு கம்பெனியில் 'சுயேச்சை இயக்குநர்' ஆகிற பெரிய மனிதர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பெரியப்பா கேட்ட கேள்விதான் காதுல விழும். அவர்களில் நிஜமாகவே கணக்கைப் படித்து, கேள்வி கேட்டு, பிடிக்காமல் ராஜினாமா பண்ணினவர்களும் உண்டு. அவர்களுக்கு ஒரு கும்பிடு.

சில உதிரித் தகவல்களோடு முடிக்கிறேன். விட்லி மாளிகையை 1909ல் வாங்கினவர் பிர்ரி பிரபு. டைட்டானிக் கப்பலைக் கட்டின கம்பெனியின் தலைவர். ரைட்டுக்குத் தண்டனை கொடுத்த நீதிபதி பிக்ஹாம்தான் பின்னாளில் மெர்சி பிரபுவாகி 1912ல் டைட்டானிக் விசாரணையை நடத்தினார். உலகம் சின்னதுதான்! ரைட்டின் எஸ்டேட்டில் இருந்த ஹைண்ட்ஹெட் பொட்டல் நிலத்தை ஊர்க்காரர்கள் வாங்கி நேஷனல் டிரஸ்டுக்குக் கொடுத்தார்கள், இன்றும் ஜனங்கள் அங்கே நடக்கப் போகிறார்கள். பாதியில் நின்ற பாதாள ரயிலை அமெரிக்கரான சார்லஸ் யெர்க்ஸ் கையில் எடுத்தார். 1906 மார்ச்சில் திறந்தார்கள். லண்டன் போனவர்கள் ஏறியிருப்பீர்கள், வரைபடத்தில் பழுப்புக் கலரில் இருக்கும் பேக்கர்லூ லைன் அதுதான்.

அதே 1906ல் பெல்ஃபாஸ்ட் சிட்டி ஹால் வளாகத்தில் டஃப்ரினுக்குச் சிலை வைத்தார்கள். மேலே அவர் நிற்கிறார், கீழே ஒரு பக்கம் கனடாவுக்கு ஒரு உருவம், இன்னொரு பக்கம் இந்தியாவுக்கு ஒரு உருவம். லண்டன் அண்ட் குளோப்புக்கு ஒன்றும் இல்லை. அந்த ஊர்ப் பக்கம் இருக்கிற பதிவர்கள் யாராவது போனால் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க, உங்க பேரோட போடுறேன் :-)